வேலை இல்லாத நாளுக்கு ஒரு கேரம் போர்டு: மன்றத்துக்கு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

வீட்டில் பிள்ளைகள் ஆட வாங்கும் போர்டு வேறு, தெருமுனை மன்றத்துக்கு வாங்கும் போர்டு வேறு. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: 12 மி.மீ. பிளை (பிளைவுட் ஆடுதளம்), மூன்று அங்குலத்தை ஒட்டிய அகலத்தில் கெட்டி மரச்சட்டம், தனி ஸ்டாண்டு. இந்த மூன்றும் உள்ள முழு அளவு போர்டை வாங்குங்கள். மெல்லிய போர்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை ஆகும். ஆனாலும் வாங்கலாம். பெயிண்டர், லோடுமேன், கொத்தனார், வெல்டர், விசைப்படகில் போகிறவர் என்று பத்துப் பதினைந்து பேர் கூடும் இடத்தில் எந்த வாரமும் நாலைந்து பேர் வேலையில்லாமல் இருப்பார்கள். அங்கே போர்டு காலையில் தொடங்கி ராத்திரி வரை அடி வாங்கும். வீட்டுப் போர்டு அந்த அடியை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

வேலையில்லாத நாள் எப்போது வரும் என்பது ஓரளவு தெரிந்ததுதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை வெளிப்பூச்சு வேலை அடிக்கடி நின்றுபோகும், கான்கிரீட் தள்ளிப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். வலை பின்னி, படகுக்குப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகும் நாள் மிச்சம் இருக்கும். ஆலை மூடுவது வேறு கணக்கு. 1996-ல் பெரம்பூர் பின்னி மில், 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா, 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு. கேட் மூடியதும் சம்பளத்தோடு கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் போய்விடுகின்றன. ஒரே ஷிப்டில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்ட இடம் அவை இரண்டும்தான். ஆளுக்கொரு ஊரில் வீடு. ஆறு மாதத்தில் போன் பேச்சும் குறைந்துவிடும்.

வேலை போனவன் சேக்காளிகளைப் பார்க்க வராமல் ஒதுங்குவதற்கு முதல் காரணம் ஒரு கேள்வி. 'என்னப்பா, வேலைக்குப் போகலையா?' போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. 'ஒயிட்டா, பிளாக்கா?' என்றுதான் கேட்பார்கள். கேரமை மன்றத்துக்குச் சிபாரிசு செய்ய இதுவே முழுக் காரணம். போர்டின் தரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். காயின் ஓடாத போர்டில் ஆட்டம் சலித்துவிடும். ஆட்டம் சலித்த இடத்துக்கு வர அவனுக்குச் சாக்கு இருக்காது.

அளவு

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில்தான் தொடங்கியது. அதன் விதிப்படி ஆடுதளம் 73.5 செ.மீ.க்குக் குறையாமல், 74 செ.மீ.க்கு மிகாமல் சதுரமாக இருக்க வேண்டும். கடையில் இதை 29 இன்ச் என்பார்கள். ஏமாறும் இடமும் இதுதான். சட்டத்தையும் சேர்த்து அளந்த அளவைச் சொல்லி 'ஃபுல் சைஸ்' என்று கொடுத்துவிட முடியும். டேப்பைச் சட்டத்தின் உள்பக்க விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை பிடியுங்கள். முழு அளவு போர்டைச் சட்டத்தோடு சேர்த்து அளந்தால் கிட்டத்தட்ட 88 செ.மீ. வரும். மன்றத்து வாசல் இரண்டரை அடிதான் என்றால் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பாக்கெட் விட்டம் 4.45 செ.மீ. ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மி.மீ.தான். நல்ல ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு போய் பாக்கெட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். தளர்வாக ஆடினால் ஓட்டை பெரிது. புதிதாக ஆடுகிறவனுக்குப் பெரிய பாக்கெட் வசதிதானே என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கை வந்தவன் ஒரே கையில் முக்கால் காயினை இறக்கிவிடுவான், மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். போர்டு 88 செ.மீ., நாலு பக்கமும் ஆள் உட்கார முக்கால் மீட்டர். அப்படியானால் எட்டுக்கு எட்டு அடி ஆட்டத்துக்கே போய்விடும். சுற்றி நின்று பார்ப்பவர்களுக்கும் இடம் விட்டால் பத்துக்குப் பத்து. பார்க்க வருகிறவனுக்கு இடம் அவசியம். வேலை போன புதிதில் பலர் முதல் வாரம் ஆடமாட்டார்கள், சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிளை

விதிப்படி குறைந்தது 8 மி.மீ. வீட்டுக்கு விற்கும் போர்டுகள் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. தடிமனைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: பாக்கெட்டின் நெட்டை ஒதுக்கிவிட்டு ஓட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். பிளையின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். அங்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் மி.மீ. கணக்கு கைக்கு வந்துவிடும். வரிகளே இல்லாமல் மரத்தூளை அழுத்தி ஒட்டியது போல் இருந்தால் அது பிளை இல்லை. சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில் அது ஈரம் குடித்து ஓட்டையைச் சுற்றி உப்பிவிடும், பாக்கெட்டுக்கு வந்த காயின் மேடேறித் திரும்பும்.

அடுத்து, நடு வட்டத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். மெல்லிய பிளை தப்பட்டை போல அதிரும். 12 மி.மீ. பிளை 'டொக்' என்று அடங்கிவிடும். அதிர்கிற போர்டில் பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடித்தால் காயின் துள்ளும், ஓடாது.

மூன்றாவது நூல் சோதனை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தையல் நூலை விறைப்பாக இழுத்து, தளத்தை ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் இடையே ஏடிஎம் கார்டு தாராளமாக நுழைந்தால் போர்டு குழிந்திருக்கிறது. நூல் நடுவில் ஒட்டிக்கொண்டு மூலையில் தூக்கினால் புடைத்திருக்கிறது. இரண்டு மூலைவிட்டத்திலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்து இன்னொரு பக்கம் முறுக்கிக்கொண்ட போர்டுகள் உண்டு, அவற்றை எந்த ஸ்டாண்டும் சரிசெய்யாது. போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் கொடுத்திருக்க வேண்டும். 8 மி.மீ. போர்டுதான் கட்டுப்படியாகும் என்றால் குறுக்குச் சட்டம் கெட்டியாக உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் நடு வட்டம் தொட்டில் கட்டிவிடும்.

சட்டம்

ஆடுதளத்துக்கு மேலே சட்டம் 1.9 முதல் 2.54 செ.மீ. உயரமும், 6.35 முதல் 7.6 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும். திருப்பி அடிக்கும் சக்தி சட்டத்தின் எடையில்தான் இருக்கிறது. இதற்கு விதியிலேயே சோதனை உண்டு: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் நேராக அடித்தால் அது மூன்றரை தடவை போர்டைக் கடக்க வேண்டும். கடையில் பவுடர் போட்டு இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். வேண்டுமானால் நீங்களே அடியுங்கள். இரண்டு ஓட்டத்தில் நின்றால் சட்டம் இலேசு மரம், அல்லது மூட்டு தளர்ந்திருக்கிறது. நாலு பக்கச் சட்டத்திலும் அடித்துப் பார்ப்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் செத்த சட்டமாக இருந்தால் அந்தப் பக்கத்தை நோக்கி ரீபவுண்ட் (சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடி) போட யாரும் உட்காரமாட்டார்கள், தினமும் இடச்சண்டை வரும்.

சட்டமும் தளமும் சேரும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இறங்கினால் அங்கே பவுடர் அடைத்துக்கொள்ளும், காயின் ஒட்டி நின்றுவிடும்.

காயினும் ஸ்ட்ரைக்கரும்

வெள்ளை 9, கருப்பு 9, ரெட் 1. காயின் ஒன்றின் எடை 5 முதல் 5.5 கிராம், விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., தடிமன் 7 முதல் 9 மி.மீ. ஒவ்வொன்றாக அளக்க நேரம் இருக்காது. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் 19 காயினையும் மொத்தமாக வையுங்கள். 95 கிராமிலிருந்து 104 கிராமுக்குள் வந்தால் செட் சரி. 80-ல் நின்றால் இலேசான செட், அடித்ததும் பறக்கும். வெள்ளை ஒன்பதையும் கருப்பு ஒன்பதையும் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பதும் நல்லது. சாயம் ஏறிய மரமும் ஏறாத மரமும் எடை மாறியிருந்தால் கருப்பு எடுத்தவன் காலமெல்லாம் புலம்புவான், அவன் புலம்பலில் நியாயமும் இருக்கும்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகக்கூடாது. மன்றத்துக்கு நாலு ஸ்ட்ரைக்கர் வேண்டும், நாலும் ஒரே எடையில். சொந்த ஸ்ட்ரைக்கர் கொண்டுவருகிறவர் வரட்டும், ஆனால் போர்டில் இருப்பதே யாருக்கும் போதும் என்கிற தரத்தில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் காசு வைத்திருப்பவன் நல்ல ஸ்ட்ரைக்கர், இல்லாதவன் விளிம்பு உடைந்த ஸ்ட்ரைக்கர் என்று ஆட்டத்தில் பிரிவினை வரக்கூடாது.

விளிம்பு பெயர்ந்த காயினை அன்றே எடுத்துவிடுங்கள். அது தளத்து லேக்கர் பூச்சைக் கீறும். ஒரு கீறல் விழுந்துவிட்டால் அந்த வழியாகப் போகும் எல்லாக் காயினும் அங்கே முகம் திருப்பும்.

ஸ்டாண்டு, ஸ்டூல், விளக்கு

ஸ்டாண்டு உயரம் 63 முதல் 70 செ.மீ. 66-ல் நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். ஸ்டூல் பதினாறு முதல் பதினெட்டு அங்குலம், கைப்பிடி இல்லாதது. தரையில் போர்டைப் போட்டுக் குந்தி ஆடும் பழக்கம் மூட்டை தூக்கும் முதுகுக்கு ஆகாது. அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், மறுநாள் லோடு இறக்கப் போகிறவனுக்கு அது கூலியில் கை வைக்கிற விஷயம்.

மடக்கு ஸ்டாண்டைவிட நாலு கால், நடுவில் குறுக்குக் கட்டை வைத்த மரஸ்டாண்டு மேல். மன்றத்தில் கார்ப்பென்டர் இருந்தால் ஒரு நாள் வேலை. ஸ்டாண்டின் மேல்சட்டம் போர்டின் வெளிச்சட்டத்துக்கு நேர் கீழே வருகிற மாதிரி அளவெடுக்கச் சொல்லுங்கள். உள்ளே தள்ளி வைத்தால், ஒருவர் எழுந்திருக்கும்போது கை ஊன்றினாலே போர்டு கவிழும். மட்டம் பார்க்க ரசமட்டம் போதும். கால் ஆடினால் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். அட்டையை மடித்து வைத்தால் இரண்டு நாளில் நசுங்கிவிடும்.

விளக்கு போர்டின் நடு வட்டத்துக்கு நேர் மேலே தொங்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் இப்போது 9 வாட் எல்இடி போதும். மேலே ஷேடு கட்டாயம். பல்பு கண்ணில் பட்டால் எதிரே உட்கார்ந்தவனுக்கு ரெட் தெரியாது. சுவரில் மாட்டிய டியூப் லைட்டில் ஆடினால் ஒருவனுடைய கை நிழல் அவனுடைய காயின் மேலேயே விழும்.

பவுடர்

மன்றங்களில் போர்டு கெடுவதற்குப் பெரிய காரணம் தண்ணீர், அதற்கு அடுத்தது தப்பான பவுடர். கேரமுக்குப் போடுவது போரிக் பவுடர். முகத்துக்குப் போடும் பவுடர் முதலில் வழுக்கும், பத்து நிமிஷத்தில் வியர்வையோடு சேர்ந்து பிசுக்காகும். மைதா, அரிசிமாவு போட்டால் மழைநாளில் ஈரம் இழுத்து மணிமணியாகத் திரளும், எறும்பும் கரப்பானும் நெட்டுக்குள் குடியேறும்.

அளவு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை. அதை நடு வட்டத்தில் தூவி, ஸ்ட்ரைக்கரைப் படுக்கவைத்து வட்டமாகத் தேய்த்துப் பரப்புங்கள். போர்டு வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். காயின் பவுடரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டத்தோரம் வரப்பு கட்டும், ஸ்ட்ரைக்கர் திரும்பி வராது. மூன்று நாலு போர்டுக்கு (ஒரு சுற்று ஆட்டத்துக்கும் போர்டு என்றுதான் பெயர்) ஒரு தடவை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சிட்டிகை போடுங்கள். வாயால் ஊதக்கூடாது. எச்சில் படும், தூள் மூக்கில் ஏறும். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள். போர்டின் மேல் முறுக்கு, வடை வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவது கட்டாயம். டப்பாவைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள், பார்க்க சர்க்கரைத்தூள் மாதிரியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஃபேனைக் குறைத்து, பவுடரையும் பாதியாக்குங்கள்.

கை

வேலை செய்கிற கையைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்கானிக்கின் கை எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். பெயிண்டர் கையில் டர்பன்டைன். இரண்டும் லேக்கரைப் பிடிக்கும். கிரீஸ் தடம் விழுந்த இடத்தில் பவுடர் ஒட்டிக் கறுத்துவிடும். வாசலில் சோப்பு, ஒரு துண்டு. போர்டுக்குப் பக்கத்தில் கை துடைக்க இன்னொரு உலர்ந்த துணி.

கொத்தனார் விரலில் சிமெண்ட் அரித்த வெடிப்பு இருக்கும். அவர் ஆள்காட்டி விரலால் சுண்டினால் வெடிப்பு மறுபடி திறக்கும். கட்டைவிரல் அடி விதிப்படி செல்லும், அதைப் பழகச் சொல்லுங்கள். நடுவிரலை ஆள்காட்டி விரலில் கோத்துச் சுண்டும் கத்தரி அடியில் வேகம் கிடைக்கும், ஆனால் நகம் நசுங்கியவருக்கு ஆகாது. எந்த அடியானாலும் சுண்ட வேண்டும், தள்ளக்கூடாது.

சட்டதிட்டம்

எவ்வளவு நல்ல போர்டு வாங்கினாலும் இதில் கோட்டைவிட்டால் ஆறு மாதத்தில் நாலு பேர் மட்டும் ஆடும் சொந்தச் சொத்தாகிவிடும்.

முதலில் 'தோத்தவன் டீ'. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் மன்றத்திலிருந்து ஆளை விரட்டும் வழக்கங்களில் இதற்குத்தான் முதலிடம். வேலை இல்லாதவன் கையில் டீக்காசு இருக்காது, அல்லது பஸ்ஸுக்கு எண்ணி வைத்திருப்பான். ஒரு நாள் தோற்றுக் கொடுப்பான், இரண்டாம் நாள் 'நீங்க ஆடுங்கப்பா' என்று ஒதுங்குவான், மூன்றாம் நாள் வரமாட்டான். ஏன் வரவில்லை என்று அவனும் சொல்லமாட்டான், இவர்களுக்கும் உறைக்காது. டீயை ஆட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். அன்றைக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கூட்டாக வாங்கட்டும், யார் ஜெயித்தார் யார் தோற்றார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் வேண்டாம்.

காசு வைத்து ஆடவே கூடாது. போலீஸ் வரும் என்பது ஒரு பக்கம். ஐம்பது ரூபாய் பாக்கி வைத்தவன் அந்தத் தெரு வழியாக நடப்பதையே நிறுத்திவிடுவான் என்பது இன்னொரு பக்கம். குடித்துவிட்டு வந்தவருக்கு ஸ்டூல் கிடையாது. நாளைக்கு வரட்டும், சண்டை போட்டு அனுப்ப வேண்டாம்.

காலை ஒன்பதரைக்கு முன்னால் போர்டைத் திறக்காதீர்கள். கூலிக்கு ஆள் எடுக்கும் முனையில் ஒன்பது மணி வரை நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பே இங்கே 'டக் டக்' சத்தம் கேட்டால், கிடைக்கவேண்டிய ஒரு நாள் வேலையும் போய்விடும். ஒன்பதுக்கு மேல் நின்று பயனில்லை. வீட்டுக்குத் திரும்ப மனசு வராத அந்த நேரத்துக்குத்தான் இந்தப் போர்டு.

ஆள் மாற்றும் முறையை எழுதி ஒட்டுங்கள். முறையான ஆட்டம் 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு. பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில் அது செல்லாது. ஒரு போர்டு ஆடி, தோற்ற ஜோடி எழ வேண்டும். ஜெயித்த ஜோடி தொடர்ந்து இரண்டு போர்டுக்கு மேல் உட்காரக்கூடாது. இரண்டாவது பாதி முக்கியம், அது இல்லாவிட்டால் கெட்டிக்கார ஜோடி மத்தியானம் வரை எழாது. ஜோடி சேர்ப்பதும் ஆடுகிறவர்கள் விருப்பத்தில் இருக்கக்கூடாது. வந்த வரிசையில் முதல் ஆளுக்கு மூன்றாவது ஆள் ஜோடி, இரண்டாவது ஆளுக்கு நாலாவது ஆள். தேறாதவனும் நல்ல கையோடு எதிரெதிரே உட்காருவான், அவனைக் 'கழித்துக்கட்டிய' மாதிரி ஆகாது. மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் கருப்பு, வெள்ளை, ரெட்டுக்குத் தனித்தனி மதிப்பு வைத்துப் பாயிண்ட் ஆட்டம் ஆடுங்கள். ஒருவரை உட்கார வைத்துவிட்டு இருவர் ஆடுவதைவிட அது நல்லது.

சண்டை வரும் இடங்கள் எல்லா மன்றத்திலும் ஒன்றேதான். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் ஒரு காயின் பைன் (அபராதம்). ரெட் போட்டால் அடுத்த அடியில் பாலோ (தன் நிறக் காயின் ஒன்று) போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் நடுவுக்கு வரும். வெளியே துள்ளிய காயினும் நடுவுக்கு. ரெட்டுக்கு 3 பாயிண்ட், ஆனால் 22 எட்டியவருக்கு அது கிடையாது. ஒரு அடிக்கு 15 வினாடி. ஜோடிக்கு வாயாலோ சைகையாலோ யோசனை சொல்லக்கூடாது. இவ்வளவையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதச் சொல்லுங்கள், மன்றத்தில் ஒரு பெயிண்டர் இல்லாமல் போகமாட்டார்.

சுவரில் இன்னொரு இடத்தில் ஒரு கரும்பலகை. நாளைக்குச் சும்மா இருப்பவர் பெயர், என்ன வேலை தெரியும் என்பது மட்டும். 'கீழ்ப்பாக்கத்துல ரெண்டு ஹெல்பர் கேக்கறாங்க' என்று ஒருவருக்குப் போன் வந்தால், பலகையைப் பார்த்து மேலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். வேலை போனவன் வாயைத் திறந்து 'எனக்கு ஏதாவது பார்த்துச் சொல்லு' என்று கேட்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது கேட்டவனுக்குத்தான் தெரியும். பலகை அதை அவனுக்காகக் கேட்டுவிடுகிறது. தொழிலாளர் நலவாரிய அட்டை புதுப்பிக்கும் தேதியையும் பக்கத்தில் எழுதினால், தேதி தப்பிப் பலன் போகாமல் இருக்கும்.

ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் அவரோடு அதிகம் ஜோடி ஆடியவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். 'போர்டுக்கு ஆள் குறையுது, வா' என்று சொன்னால் போதும்.

பணம்

ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வசூல் வேண்டாம். வேலையில் இருப்பவர்கள் பணம் போடட்டும். இல்லாதவர்கள் கைவேலை தரட்டும்: ஸ்டாண்டு கார்ப்பென்டர், விளக்கு எலக்ட்ரீஷியன், இரும்பு ஸ்டாண்டு என்றால் வெல்டர், கடையிலிருந்து போர்டை ஏற்றி வருவது ஆட்டோக்காரர். இதைக் கணக்குப் புத்தகத்தில் 'ஸ்டாண்டு, இன்னார் செய்தது' என்று பண வரவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். போர்டு யாருடையது என்ற பேச்சு ஒரு நாள் வரும். அப்போது அந்த வரி பேசும்.

மற்ற விளையாட்டுகள்

செஸ் நல்லதுதான், இரண்டு பேருக்குமேல் இடமில்லை. சீட்டு காசில் போய்த்தான் நிற்கும். செல்போனில் லூடோ நாலு பேர் ஆடலாம், ஆனால் நாலு பேரும் குனிந்தே இருப்பார்கள். ஒருவன் முகம் வாடியிருப்பது எதிரே இருப்பவனுக்குத் தெரியாது. கேரமில் ஜோடி உட்காருவது நேரெதிரே, அவன் அடிக்கும்போது முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

குறைகள்

சத்தம் பெரிய குறை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் போகும். ஸ்டாண்டின் மேல்சட்டத்தில் ரப்பர் ஷீட் ஒட்டினால் அதிர்வு குறையும், காயின் சத்தம் குறையாது. நேரக் கட்டுப்பாடுதான் வழி.

ஆண்கள் மட்டும் கூடும் இடமாக மன்றம் இறுகிப்போவது அடுத்தது. சென்னைக் கேரமைப் பெண்களை விட்டுவிட்டுப் பேசவே முடியாது. ஆண்களில் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். அவருக்குப் பிறகு பெண்களில் வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலக சாம்பியன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். மாலை ஐந்து முதல் ஏழு வரை போர்டைத் தெருப்பெண்பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பகலில் சும்மா இருக்கும் நல்ல கைக்காரர் ஒருவர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வேலை போனவருக்கு 'மாஸ்டர்' என்று கூப்பிடக் கேட்பது சாதாரண விஷயமில்லை.

பராமரிப்பு

முதலில் தேய்வது பேஸ் லைன், அதாவது ஸ்ட்ரைக்கர் வைத்து அடிக்கும் கோடு. கோடு மங்கினால் மார்க்கரால் வரையாதீர்கள், மை பவுடரோடு கலந்து தளமெங்கும் பரவும். போர்டு செய்கிறவரிடம் கொடுத்து மறு லேக்கர் அடித்துக் கோடு போட்டு வாங்குங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது கூடவே கூடாது, லேக்கர் போனால் பிளை ஈரம் குடிக்கும். நெட் கிழிந்தால் அன்றே மாற்றுங்கள், தரையில் விழும் காயின்தான் விளிம்பு உடைகிறது. ஒரு டப்பாவில் நாலு நெட், எட்டு ஸ்குரூ, இரண்டு ஸ்ட்ரைக்கர், அரை செட் காயின் எப்போதும் இருக்கட்டும்.

ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் தளத்தில் படக்கூடாது. மழை ஒழுகி நனைந்துவிட்டால் உடனே துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் வில்லாக வளைந்துவிடும். ராத்திரி ஸ்டாண்டிலேயே விட்டுப் பழைய போர்வையால் மூடுவது நல்லது. இடமில்லாமல் சுவரில் சாய்க்க வேண்டியிருந்தால், தரையில் இரண்டு கட்டை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், ஆடுதளம் சுவர்ப்பக்கம், கிட்டத்தட்ட நேராக. வாரத்துக்கு ஒரு தடவை கீழ்ப்பக்கத்தை மேலாக்கித் திருப்பி வையுங்கள்.